சம்பந்தி கொடுத்த டிரைவர்

மனிதன் நிமிர்ந்து நிற்கக் கற்ற நாளிலிருந்து அடக்குமுறைக்கு எதிராக அவன் ஏந்தாத ஆயுதம் இல்லை. வாளை ஏந்தினான், பேனாவை ஏந்தினான், எதுவும் அகப்படாதபோது வெறுங்கையையே ஓங்கினான். அந்த நெடிய, வீரம் செறிந்த வரிசையில் கடைசியாகச் சேர்ந்த ஆயுதம், விளையாட்டுச் சாமான் கடை ஒன்றின் பெண்கள் அலமாரியில் இளம் ஊதா நிறத்தில், ஓரத்தில் ஒரு பட்டாம்பூச்சியோடு தொங்கிக்கொண்டிருந்தது. தள்ளுபடியும் உண்டு.

அதை ஏந்தியவர் ஒரு பல் டாக்டர். வயது ஐம்பத்தெட்டு. தொழிலில் கெட்டிக்காரர். நகைக்கடைக்காரர், போலீஸ் அதிகாரி என்ற பேதம் பாராமல் அத்தனை பேரையும் வாயைத் திறக்க வைத்தவர், ஒரே ஒருவர் முன்னால் மட்டும் தன் வாயைத் திறந்ததில்லை. அந்த ஒருவர் அவருடைய சம்பந்தி, மகளின் மாமனார்.

சம்பந்தி குடிநீர் வாரியத்தில் சீஃப் இன்ஜினியராக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்றது வேலையிலிருந்துதான், பதவியிலிருந்து அல்ல. வீட்டிலும் கோல்ஃப் கிளப்பிலும் அவர் இன்னும் சீஃப்தான். குழாயில் தண்ணீர் வராத நாட்களில்கூட அந்தப் பெயருக்கு ஒரு குறையும் வந்ததில்லை. புல்வெளியில் அவர் நடந்தால், அடுத்த வாரம் யாரோ பார்வையிட வரப்போகிறார்கள் என்று புல்லுக்கே பயம் வரும்.

சீஃப் தாராள மனசுக்காரர். தனக்கு வேண்டாததையெல்லாம் சம்பந்திக்குக் கொடுத்துவிடுவார். பிரிவுபசார விழாவில் வந்த, அவர் பெயரே பொறித்த சுவர்க் கடிகாரம் பல் டாக்டரின் கூடத்தில்தான் ஓடியது. அவருடைய பழைய தோல் பெல்ட்டில் மூன்று ஓட்டை கூடுதலாகப் போட்டு டாக்டர் கட்டிக்கொண்டார். பெண்ணைக் கொடுத்தவர், பையன் வீட்டிலிருந்து வருவதை வேண்டாம் என்று எப்படிச் சொல்வது? இப்படியாகத்தான் சீஃப் புது டிரைவர் வாங்கிய அன்று, பழைய டிரைவர் டாக்டரின் கைக்கு வந்தது.

கோல்ஃப் மட்டைகளில் நீளமானதும் தலை பெருத்ததும் டிரைவர்தான். ஆட்டத்தைத் தொடங்கிவைக்கும் முதல் அடி அதனால் அடிப்பது. தண்டு விறைப்பாக இருந்தால், வேகமாகச் சுழற்றுகிறவன் கையில் மட்டும் அது பேச்சைக் கேட்கும். மெதுவாகச் சுழற்றுகிறவன் கையில் அது கடப்பாரை. தலையின் முகம் பின்னால் சாய்ந்திருக்கச் சாய்ந்திருக்கப் பந்து சுலபமாக எழும்பும். சீஃப் கொடுத்த டிரைவரில் தண்டு கடப்பாரை, முகம் சுவர். விறைப்பான தண்டும் நிமிர்ந்த முகமும் ஆம்பிளைக்கு அடையாளம் என்பது அந்தக் கிளப்பின் எழுதாத சட்டம். பாதிப் பேருக்கு இடுப்பு வலி அந்தச் சட்டத்தால் வந்ததுதான்.

டாக்டர் அடித்த பந்து எழும்பாது. எழும்பினால் வலப்பக்கம் வளைந்து வேலியைத் தாண்டி வாகன நிறுத்துமிடத்துக்குப் போகும். டாக்டர் வருவதைப் பார்த்தாலே அங்கிருக்கும் காவலாளி நாற்காலியைத் தூக்கிக்கொண்டு தூணுக்குப் பின்னால் போய்விடுவார்.

"டிரைவர் மேல குத்தம் சொல்லாதீங்க சம்பந்தி" என்பார் சீஃப், டாக்டர் எதுவும் சொல்லாதபோதே. "எங்கிட்ட பதினஞ்சு வருஷம் ஒழுங்கா இருந்துச்சு. மட்டை நமக்குத் தகுந்த மாதிரி இருக்கணும்னு நெனைக்கிறது சோம்பேறித்தனம். நாமதான் மட்டைக்குத் தகுந்த மாதிரி மாறணும்."

"சரிங்க சம்பந்தி."

"உங்க பொண்ணு எங்க வீட்டுக்குத் தகுந்த மாதிரி மாறலியா?"

"சரிங்க சம்பந்தி."

இரண்டாவது கேள்விக்கு அது பதிலே அல்ல. ஆனால் டாக்டரின் நாக்கு அந்தப் பாதையில் போய்ப் போய்ப் பழகிவிட்டது.

மகள் கட்டட வரைபடம் போடுகிறவள். ஊருக்கெல்லாம் வீடு வரைந்து கொடுப்பாள். மாமனார் வீட்டில் ஒரு நாற்காலியை ஜன்னல் பக்கம் நகர்த்திப் போட்டதற்கு அவளுக்கு அரை மணி நேரம் விளக்கம் கிடைத்தது. காலை ஐந்து மணிக்கு சீஃபுக்குக் காபி வேண்டும். அதனால் ஐந்து மணிக்கு எல்லோரும் எழுந்திருக்க வேண்டும். குடிப்பது அவர் ஒருவர்தான் என்றாலும்.

டாக்டரின் தோள்பட்டைக்கு ஒத்தடம் கொடுத்துக்கொண்டிருந்த ஓர் இரவில் அவர் மனைவி பையோடு சாய்ந்து நின்ற அந்த டிரைவரைப் பார்த்தார்.

"ஏங்க, அந்த இரும்பத் தூக்கிப் பரண்ல போடுங்களேன். உங்களுக்கு ஒத்தடம் கொடுத்துக் கொடுத்து எனக்குக் கை போச்சு."

"சம்பந்தி கொடுத்ததும்மா."

"அவரு நாளைக்குப் பல் செட்டு கொடுத்தா மாட்டிக்குவீங்களா?"

"அதெப்படி..."

"அவரு போட்டுக் கழட்டினது. பதினஞ்சு வருஷம் ஒழுங்கா இருந்ததுன்னு சொல்லுவாரு. வாய செட்டுக்குத் தகுந்த மாதிரி மாத்திக்கோங்கன்னு சொல்லுவாரு. சரிங்க சம்பந்தின்னு நீங்களும் ஈஈன்னு நிப்பீங்க."

அன்று டாக்டருக்குத் தூக்கம் வரவில்லை. அடுத்தவர் பல் செட்டு என்ற நினைப்பு, மற்ற எந்த அவமானத்தாலும் தொட முடியாத ஓர் இடத்தில் அவரைத் தொட்டுவிட்டது. தொழில் கௌரவம்.

அந்த வாரமே அவர் போன விளையாட்டுச் சாமான் கடையின் பின்னறையில் ஒரு வலை, ஒரு பெரிய திரை, பந்தின் போக்கை அளக்கும் ஒரு கறுப்புப் பெட்டி. மட்டை பொருத்தித் தருபவர் மூக்குக் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு, சீஃபின் டிரைவரை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்து 'ச்சு' கொட்டினார்.

"யாரு சார் இத உங்களுக்குப் போட்டுவிட்டது?"

டாக்டருக்குத் திக்கென்றது. வேறு டாக்டர் அடைத்த பல்லைப் பார்த்தவுடன் தான் கேட்கும் கேள்வி அது, அதே குரலில்.

"சொந்தக்காரர்."

"எத்தன நாளா வலப்பக்கம் போகுது?"

"ஒரு எட்டு மாசமா."

"எட்டு மாசம் வச்சுக்கிட்டு இருந்தீங்களா? ஆரம்பத்துலயே வந்திருக்கலாமே சார். சரி, அடிங்க. தோள இறுக்காதீங்க. ரிலாக்ஸ். ஒண்ணும் பண்ண மாட்டேன்."

வாழ்க்கையில் முதல்முறையாகத் தன் நோயாளிகளின் நிலைமை டாக்டருக்குப் புரிந்தது. அடித்தார். திரையில் எண்கள் வந்தன. கடைக்காரர் அவற்றை ஒரு மரியாதையான மௌனத்தோடு பார்த்தார்.

"வேகம் நூத்திப்பன்னெண்டு கிலோமீட்டர். இந்தத் தண்டுக்கு இன்னும் அம்பது வேணும். தப்பா எடுத்துக்காதீங்க சார், உங்க ஸ்விங் நல்ல ஸ்விங். அவசரமே இல்லாத ஸ்விங். உங்களுக்கு வளைஞ்சு கொடுக்குற தண்டு, நல்லா சாய்ஞ்ச முகம். எல் போட்டது ஒண்ணு தரேன், அடிச்சுப் பாருங்க."

"எல்லுன்னா?"

"லேடீஸ் சார்."

இளம் ஊதா வந்தது, பட்டாம்பூச்சியோடு. டாக்டர் கதவு சாத்தியிருக்கிறதா என்று பார்த்துக்கொண்டார். மெதுவாகச் சுழற்றினார். பந்து திரையில் எழும்பி, நடுவில், நூல் பிடித்தாற்போல் போய், இறங்கியது. இன்னொரு முறை. இன்னொரு முறை. தோள் வலிக்கவில்லை. வேலி எந்தப் பக்கம் என்றே பந்துக்குத் தெரியவில்லை.

"இதே தண்டு வேற கலர்ல..."

"வராது சார். கறுப்பு டேப் சுத்தித் தரேன். நெறைய பேரு அப்படித்தான் வாங்கிட்டுப் போறாங்க. பெரிய பெரிய ஆளுங்க."

"யாரு?"

"அது சொல்லக் கூடாது சார். தொழில் தர்மம்."

டாக்டருக்கும் அந்தத் தர்மம் தெரியும். ஊரில் யார் யார் சிரிப்பு கழற்றி வைக்கக்கூடியது என்று அவரும் யாரிடமும் சொன்னதில்லை. டேப் உருளையையும் பட்டாம்பூச்சியையும் மாறி மாறிப் பார்த்தார். ஐம்பத்தெட்டு வருஷமாக உள்ளே எங்கோ மடங்கிக் கிடந்த ஏதோ ஒன்று லேசாக நிமிர்ந்தது.

"டேப் வேண்டாம். அப்படியே குடுங்க."

மூடிய அறைக்குள் ஒரு வியாபாரி முன்னால் செய்த புரட்சி அது. ஆனாலும் புரட்சிதான்.

மறுநாள் மத்தியானம் மகள் கிளினிக்குக்கு வந்தாள். நோயாளிகள் இல்லாத நேரம். நேராகப் போய் நோயாளி நாற்காலியில் சாய்ந்துகொண்டாள்.

"அப்பா, ஒரு விஷயம். திட்டக் கூடாது."

"சொல்லு."

"நாங்க தனியா வீடு பார்த்துட்டோம். ரெண்டு ரூம். சின்னதுதான், ஆனா கெழக்கு பாத்த பால்கனி. உங்க மாப்பிள்ள மூணு மாசமா அவங்கப்பாகிட்ட சொல்றேன் சொல்றேன்னு சொல்லிட்டிருக்காரு."

"சொன்னாரா?"

"ஒரு தடவ வாயத் திறந்தாரு. மாமா திரும்பிப் பார்த்தாரு. இவரு உப்பு வேணும்னு கேட்டுட்டாரு."

டாக்டர் சிரிக்கவில்லை. அந்த வித்தையில் மாப்பிள்ளைக்கு அவர் மூத்தவர்.

"இந்த ஞாயித்துக்கிழம நீங்க மூணு பேரும் ஆடுறீங்கல்ல? ஆட்டம் முடிஞ்சு டீ குடிக்கும்போது சொல்லிடுறேன்னாரு. ஜெயிச்ச சந்தோஷத்துல இருந்தா மாமா கொஞ்சம் காது கொடுப்பாரு. அதனால நீங்க அவர் கொடுத்த டிரைவரையே எடுத்துட்டு வாங்கப்பா. எப்பவும் போல அடிங்க."

"எப்பவும் போலன்னா?"

"வேலிக்கு வெளியப்பா."

டாக்டர் தொண்டையைச் செருமினார். "நான் புதுசா ஒண்ணு வாங்கியிருக்கேன்."

"அம்மா சொன்னாங்க. அதான் ஓடி வந்தேன். அவர் கொடுத்தத வேண்டாம்னு நீங்க சொன்னா, அப்புறம் அவர் கொடுத்த வீட்ட வேண்டாம்னு நாங்க எப்படிப்பா சொல்றது? ஒரே ஒரு ஞாயித்துக்கிழமப்பா. எனக்காக."

"சரிம்மா. வாயத் திற."

பழக்கதோஷம், அந்த நாற்காலியில் யார் உட்கார்ந்தாலும் விளக்கை இழுத்து உள்ளே பார்ப்பது. மகளின் கடைவாய்ப் பற்களைப் பார்த்தவர் விளக்கை இன்னும் கிட்டே இழுத்தார். மேடும் பள்ளமுமாக இருக்க வேண்டிய பற்கள் தரை போட்டது மாதிரி தேய்ந்திருந்தன. கல்யாணத்துக்கு முன்னால் அவர் பார்த்த பற்கள் இவை அல்ல.

"ராத்திரி பல்லக் கடிக்கிறியா?"

"தூங்கும்போது பண்றது எனக்கெப்படிப்பா தெரியும்?"

டாக்டர் விளக்கை அணைத்தார்.

ஞாயிற்றுக்கிழமை சீஃபின் டிரைவரைப் பையில் எல்லோருக்கும் தெரிகிற மாதிரி முன்னால் வைத்தார். ஊதாவை ஒரு துண்டில் சுற்றிப் பின்னால் செருகினார். ஏன் எடுத்துப் போகிறீர்கள் என்று கேட்டிருந்தால் 'சும்மா' என்றிருப்பார்.

சீஃப், டாக்டர், மாப்பிள்ளை மூவரும் ஆட, மகள் தொப்பி போட்டுக்கொண்டு கூடவே நடந்தாள். சீஃப் அன்று பிரமாதமான மனநிலையில் இருந்தார். முதல் குழியில் டாக்டரின் பந்து வேலிக்கு வெளியே போனது. இரண்டாவதில் வேலிக்கு வெளியே போய் ஏதோ தகரத்தில் மோதிய சத்தமும் கேட்டது. மகள் அப்பாவைப் பார்த்து நன்றியோடு கண் சிமிட்டினாள். அவர் நடிக்கவில்லை என்பது அவளுக்குத் தெரியாது.

மூன்றாவது குழி கொஞ்சம் மேடான இடத்தில் தொடங்குகிறது. பின்னால் ஆட வேண்டிய நான்கு பேர் ஏற்கெனவே வந்து, தண்ணீர் குடித்தபடி காத்து நின்றார்கள். மாப்பிள்ளை அடித்துவிட்டு ஒதுங்கினார். சீஃப் குச்சியைத் தரையில் செருகி, அதன்மேல் பந்தை வைத்து, இரண்டடி பின்னால் வந்து நின்றார். உடனே அடிக்கிற வழக்கம் அவருக்கில்லை. அடிப்பதற்கு முன் ஓர் உரை உண்டு.

"எங்க தப்பு பண்றீங்க தெரியுமா சம்பந்தி? இன்னும் அந்த டிரைவர் உங்களுக்கு வளைஞ்சு கொடுக்கும்னு பாக்குறீங்க. கொடுக்காது. உங்க பொண்ணையே எடுத்துக்கோங்க. வந்தப்போ எப்படி வந்தா? எட்டு மணிக்கு எழுந்திரிப்பா. சிரிச்சா தெருமுனைக்குக் கேக்கும். எது சொன்னாலும் ஏன், ஏன்னு ஒரு கேள்வி. அவ ஸ்விங்கே வேற."

மகள் தன் ஷூவைப் பார்த்தாள்.

"ரெண்டு வருஷம். தட்டித் தட்டி எடுத்தோம். இன்னைக்குப் பாருங்க, வீட்டுல அவ இருக்குறதே தெரியாது. சத்தமே இல்ல."

பின்னால் நின்ற நால்வரில் ஒருவர் ரசித்துத் தலையாட்டினார். டாக்டரின் நாக்கு வழக்கமான இடத்துக்குப் போயிற்று. 'சரிங்க' என்று தொடங்கவும் செய்தது. பாதியில் நின்றது.

"ராத்திரி மட்டும் சத்தம் வருது சம்பந்தி."

"என்ன சத்தம்?"

"பல்லக் கடிக்கிற சத்தம். கடவாய்ப் பல்லு நாலும் தேஞ்சு போச்சு. நான் பாத்தேன்."

"இப்ப எதுக்குப் பல்லு? நாம ஸ்விங்கப் பத்தி..."

"நானும் அதத்தான் சொல்றேன்."

டாக்டர் பையிடம் போனார். துண்டைப் பிரித்தார். இளம் ஊதா வெயிலில் பளபளத்தது. பின்னால் நின்றவர்கள் தண்ணீர் குடிப்பதை நிறுத்தினார்கள்.

"அப்பா," என்றாள் மகள் மெதுவாக. "டீ குடிக்கிற வரைக்கும்..."

"டீ ஆறிடும்மா."

சீஃப் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். "என்ன சம்பந்தி இது? யாரோட வெளையாட்டுச் சாமான்?"

"என்னோட டிரைவர்."

"பட்டாம்பூச்சி போட்டிருக்கு!"

"ஒண்ணுதான் போட்டிருக்கு. இன்னும் ரெண்டு போட்டிருந்தாலும் வாங்கியிருப்பேன்."

"லேடீஸ் மட்டைங்க அது!"

"ஆமா. தண்டுலயே எழுதியிருக்கு, கண்ணாடி போட்டுப் படிச்சுப் பாருங்க. டேப் ஒட்டித் தரேன்னாங்க. வேண்டாம்னுட்டேன்."

"அப்ப நான் கொடுத்தது?"

"நல்ல டிரைவர். உங்களுக்கு. எனக்கு அது கடப்பார. எட்டு மாசம் அத வச்சுக் குழிதான் தோண்டினேன். திருப்பி எடுத்துக்கோங்க. அந்தக் கடிகாரமும் வேணும்னா அனுப்பி வைக்கிறேன், பத்து நிமிஷம் லேட்டா ஓடுது."

"நாலு பேரு பாத்தா என்ன நெனைப்பாங்க?"

"நாலு பேரு பாத்துக்கிட்டுதான் இருக்காங்க," என்றார் டாக்டர். நால்வரும் அவசரமாக வேறு பக்கம் பார்த்தார்கள்.

டாக்டர் மேட்டில் ஏறினார். கால்களை அகற்றி நின்றார். எட்டு மாதம் கேட்ட உரைகள், மூன்று ஓட்டை போட்ட பெல்ட், தரை போட்ட பற்கள் எல்லாம் நெஞ்சுக்குள் வரிசையில் நின்றன. ஆனால் தோளை இறுக்கவில்லை. அவசரமே இல்லாமல் மட்டையைப் பின்னால் கொண்டுபோய், அவசரமே இல்லாமல் திரும்பக் கொண்டுவந்தார்.

'டிக்' என்று ஒரு சத்தம். பிடுங்கிய பல் தட்டில் விழுகிற மாதிரி சுத்தமான சத்தம். பந்து எழும்பியது. வலப்பக்கம் என்று ஒரு திசை இருப்பதையே மறந்து, நேராகப் போய், புல்வெளியின் நட்டநடுவில் இறங்கி, இரண்டு குதி குதித்து உட்கார்ந்தது.

"மாமா!" என்று மாப்பிள்ளை கத்தினார். அப்பா பக்கத்தில் நிற்கிறார் என்பது அப்புறம்தான் ஞாபகம் வந்தது.

மகள் சிரித்தாள். தெருமுனைக்குக் கேட்கிற சிரிப்பு. இரண்டு வருஷத்துக்கு அப்புறம் வந்ததால் கொஞ்சம் கரகரத்தது. சிரித்து முடித்தவள் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு சீஃபைப் பார்த்தாள்.

"மாமா, நாங்க தனியா வீடு பார்த்துட்டோம். அடுத்த மாசம் போறோம்."

சீஃப் மகன் பக்கம் திரும்பினார். உப்பு கேட்க அங்கே சாப்பாட்டு மேசை இல்லை.

"ஆமாப்பா," என்றார் மகன். "டீ குடிக்கும்போது சொல்லலாம்னு இருந்தோம்."

"உனக்கு அந்த வீட்டுல என்ன கொறை?"

மகன் யோசித்தார். "எனக்கும் எட்டு மணி வரைக்கும் தூங்கணும்ப்பா," என்றார்.

சீஃப் மகனைப் பார்த்தார். மருமகளைப் பார்த்தார். ஊதா மட்டையைப் பார்த்தார். தூரத்தில் புல்நடுவில் வெள்ளையாகத் தெரிந்த பந்தைப் பார்த்தார். பிறகு காலடியில் வெறுமையாக நின்ற குச்சியைப் பார்த்தார். பல் டாக்டர் பட்டாம்பூச்சியைத் தோளில் சாத்திக்கொண்டு, மோவாயை உயர்த்தி, வருவது எதுவானாலும் வரட்டும் என்று நின்றார். பின்னால் நின்ற நால்வரும் மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள்.

"அது என் பந்து," என்றார் சீஃப்.

சம்பந்தி சொன்னது சரி. பல் டாக்டரின் பந்து அவருடைய கால்சட்டைப் பைக்குள்தான் இருந்தது.